பதினோராவது ரீல்

அத்தியாயம் 17

டப்பாவின் மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை முகத்தில் அடித்தது. வாடை இருந்தது. படச்சுருள் இல்லை.

நந்தனா டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். துருப்பொடி மட்டும் கொட்டியது. அலமாரியில் இருந்த மற்ற பதின்மூன்று டப்பாக்களையும் ஒவ்வொன்றாக இறக்கித் திறந்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பதினொன்று மட்டும் காலி.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. தக்கலையில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் இன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். இந்த ஒரு ரீலுக்காகவே சொன்ன லீவு.

குலசேகரத்தில் பூட்டிக் கிடந்த தியேட்டரிலிருந்து அந்தப் பதினான்கு டப்பாக்களும் இந்த மாடி அறைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. 'மறுகரை மங்கை'. அறுபத்தேழாம் வருடத்துப் படம். நெகட்டிவ் எப்போதோ அழிந்துபோனது. டிவியில் எப்போதாவது போடுவது கத்தரித்துச் சுருக்கிய பிரதி. முதல் வெளியீட்டில் தியேட்டருக்கு வந்த முழுப் பிரிண்ட் என்று எங்கேயும் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. நந்தனாவும், மார்த்தாண்டத்தில் இருந்து ஒலியைச் சரிசெய்யும் எலிசாவும், இணையத்தில் பழக்கமான இன்னும் மூன்று ரசிகர்களும் சேர்ந்து, யாரும் கேட்காமலே அதை மீட்டுக்கொண்டிருந்தார்கள். லேபில் கண்ணாடித் தகடு துடைத்துப் பழகிய கைதான் இங்கே ஒவ்வொரு பிரேமாகத் துடைத்து ஸ்கேனரில் ஏற்றியது.

பதின்மூன்று ரீல் முடிந்துவிட்டது. பதினொன்று கெட்டு, வினிகர் வாடை பிடித்துச் சுருங்கி, ஓலைபோல வளைந்திருந்தது. அப்படியே ஓட்டினால் முறியும். அதனால் மூன்று மாதமாக அதைப் பதப்படுத்தி, இளகட்டும் என்று காத்திருந்தாள். ஸ்கேன் செய்யவில்லையே தவிர, லென்ஸ் வைத்து முழுவதையும் பார்த்திருந்தாள். அதில்தான் அந்தக் காட்சி இருந்தது.

நாயகி ஏதோ பேசுகிறாள். மூன்று நிமிடம் நாற்பது நொடி. பேசி முடித்துவிட்டு நாயகன் கன்னத்தில் ஓங்கி ஒன்று கொடுக்கிறாள்.

படம் வந்த புதிதில் நாயகன் சந்திரசூடனின் ரசிகர்கள் திரையைக் கிழித்தார்களாம். இரண்டே வாரத்தில் அந்தக் காட்சியை எல்லாப் பிரிண்டிலிருந்தும் வெட்டிவிட்டார்கள். குலசேகரத்துத் தியேட்டர்க்காரர் மட்டும் வெட்டவில்லை. அடிப்பதற்கு முன்னால் அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் நினைவில்லை. பாட்டுப் புத்தகத்தில் இல்லை, பழைய விமர்சனத்தில் இல்லை. அந்தக் குரல் பதினோராவது ரீலின் ஓரத்தில் இருந்த மெல்லிய ஒலிப்பட்டையில் மட்டும் இருந்தது.

இப்போது அந்த ரீல் இல்லை.

நந்தனா கீழே இறங்கிப் போனாள். கணவன் வினோஜ் முற்றத்தில் குத்தவைத்து ஒரு ஏசி பில்டரைக் குழாயில் காட்டிக் கழுவிக்கொண்டிருந்தான். மஸ்கட்டில் ஒன்பது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். ஸ்கேனருக்கான இரும்புச் சட்டத்தை வெல்டு செய்து தந்தது அவன்தான்.

"மாடி ரூமுக்க சாவிய ஆருக்குக் குடுத்திய?"

"எந்தச் சாவி?"

"நம்ம வீட்டுல மாடி ரூம் எத்தன இருக்கு?"

அவன் குழாயை மூடினான். நிமிர்ந்து பார்க்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"அனில் மச்சான் வந்தாரு. போன ஞாயிறு. நீ கல்யாணத்துக்குப் போயிருந்தேல்லா, அன்னைக்கு."

அனில்குமார் அவளுடைய அண்ணன். சந்திரசூடன் ரசிகர் மன்றத்தின் மாவட்டத் தலைவன்.

"வந்து?"

"சூடன் சாருக்குத் தொண்ணூறாவது பெறந்தநாளு. மன்றத்துல கண்காட்சி வைக்கோம், ஒரு டப்பா மட்டும் கொண்டுபோயி காட்டிட்டுத் தந்துருகேன்னாரு."

"எந்த டப்பான்னு ஆரு எடுத்தா?"

"அவருதான்."

"பதினாலு டப்பா அடுக்கி வச்சிருக்கு. அதுல பதினொண்ண மட்டும் கைய நீட்டி எடுக்கான். உள்ள உள்ளத எடுத்துக்கிட்டு டப்பாவ மட்டும் திருப்பி வச்சுட்டுப் போறான். பக்கத்துல நின்ன உங்களுக்கு ஒண்ணும் தோணல்ல?"

"டப்பா துருப்பிடிச்சிருக்கு, வேற டப்பாவுல போட்டுக்கிடுதேன்னு சொன்னாரு."

"ஆறு நாளாச்சு. எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

வினோஜ் கையை லுங்கியில் துடைத்தான். "சொன்னா நீ சண்டைக்குப் போவ. உனக்க அம்மைக்கு பிரஷர் ஏறும். குடும்பத்துக்குள்ள எதுக்குன்னு நெனச்சேன்."

"குடும்பம்னா அதுல நான் இல்லியா?"

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டாள். துண்டித்துவிட்டான். அவன் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் பெரிய பேனர் ஒன்று கிடந்தது. களியக்காவிளை மண்டபம், காலை பத்தரை மணி.

இந்தத் தப்பில் தனக்கும் பங்கு உண்டு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன மாதம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சந்தோஷம் தாங்காமல் அந்தக் காட்சியைப் பற்றி அவள்தான் சொன்னாள். "செவிட்டுல ஒண்ணு குடுக்கா பாரு அண்ணே, அவரு தலை அப்பிடியே திரும்பிருது." அண்ணன் அப்போது சிரிக்கவில்லை. மீன்குழம்பை ஊற்றிக்கொண்டு, "எத்தனாவது ரீலு?" என்று மட்டும் கேட்டான். அவளும் சொன்னாள்.

"நான் பைக்குல கொண்டு விடுகேன்" என்றான் வினோஜ்.

"உங்களுக்க பைக்குல எனக்கு ஏறண்டாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

பஸ் மார்த்தாண்டத்தில் கால் மணி நேரம் நெரிசலில் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து எலிசாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"படம் அங்கங்க போனாலும் ஒப்பேத்திரலாம் நந்தனா" என்றாள் எலிசா. "ஒரு பிரேம் போனா முன்னும் பின்னும் உள்ளத வச்சு உண்டாக்கலாம். ஒலிப்பட்டைய தொடாம வச்சிருக்கானான்னு பாரு. அது போச்சுன்னா அந்தப் பொம்பள என்ன சொன்னான்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"தொட்டிருந்தான்னா அண்ணன்னு பாக்க மாட்டேன்."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தணிக்கவில்லை.

மண்டபத்தின் வாசலில் இரண்டாள் உயரக் கட்அவுட்டில் சந்திரசூடன் நின்றார். வெள்ளைச் சட்டை, சுருட்டை முடி, கையில் சாட்டை. உள்ளே இருநூறு முந்நூறு பேர் இருக்கும். அவருடைய பாட்டு ஒன்று காது கிழிய ஓடியது. பின்பக்கம் பிரியாணி தம்மில் கிடந்தது.

வாசல் மேசையில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தாம்பாளம். வந்தவர்களுக்கெல்லாம் அதிலிருந்து ஒவ்வொன்று எடுத்துக் கொடுத்தார்கள்.

"மன்றத்துக்க பரிசு அக்கா. ஒரிஜினல் பிலிம்."

கீசெயின். தீப்பெட்டி அளவு கண்ணாடிப் பிளாஸ்டிக். நடுவில் ஒரு துண்டுப் படச்சுருள்.

நந்தனா அதை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். சந்திரசூடன் முக்கால் முகம் காட்டித் திரும்பியிருந்தார். பின்னால் ஜன்னல் கம்பி, அதில் தொங்கும் பூந்தொட்டி. அவளுக்கு அந்த ஜன்னலைத் தெரியும். அந்தத் தொட்டியைத் தெரியும். அந்தத் துண்டின் மேல் இருந்த கீறலைக்கூடத் தெரியும். பஞ்சு வைத்து எத்தனையோ முறை துடைத்த கீறல்.

பிளாஸ்டிக்கில் அடங்க வேண்டும் என்று இரண்டு ஓரத்தையும் சீவியிருந்தார்கள். ஒலிப்பட்டை இல்லை.

அவள் தாம்பாளத்துக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். சந்திரசூடன் சிரிக்கிறார். சந்திரசூடன் நடக்கிறார். சந்திரசூடன் முறைக்கிறார். நாயகியின் தோள்கூட எதிலும் இல்லை.

"அக்கா, ஆளுக்கு ஒண்ணுதான்…"

"சும்மா இரு."

தாம்பாளத்தை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நடுப்பாதையில் மேடையை நோக்கி நடந்தாள்.

அனில்குமார் மேடையில் படத்துக்கு மாலை போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். பட்டு வேட்டி, சட்டைப்பையில் மன்றத்தின் பேட்ஜ். தங்கையைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி மாறி, உடனே சிரிப்புக்கு வந்தது.

"வா மக்கா, வா. இரி. சாப்பிட்டுட்டுத்தான் போணும்."

"இது என்னது?"

"பரிசு. எல்லாருக்கும் எவ்வளவு சந்தோஷம் பாரு. டப்பாவுல கெடந்து மக்குனத ரசிகன் கையில குடுத்திருக்கு."

"எனக்க ரீல வெட்டியிருக்க."

"உனக்க ரீலா? சூடன் சாருக்க படம் உனக்கு எப்பிடிட்டி சொந்தமாச்சு? மெதுவா பேசு. ஆளுவ பாக்காங்க."

"பாக்கட்டும். மிச்சம் எங்க?"

அவன் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தப் பார்த்தான். அவள் உதறினாள். தாம்பாளத்திலிருந்து நாலைந்து கீசெயின் தெறித்து விழுந்தது. பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"இங்க பாரு" என்றான் அனில்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ அந்தச் சவத்த இன்டர்நெட்டுல போடுவ. ஒரு மணிக்கூறுல கண்டவனெல்லாம் அந்த ஒத்தத் துண்ட வெட்டியெடுத்து பாட்டுப் போட்டுச் சிரிப்பான். அடிவாங்கி சூடன்னு பேரு வைப்பான். அந்த மனுசன் நாப்பது வருசம் சம்பாதிச்ச பேரு. அவரு செத்து, பதில் சொல்ல ஆளில்லாத நேரத்துல, ஒரு பொம்பள கை நீட்டி அடிக்கியத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? எங்க அப்பன் தோள்ல தூக்கிவச்சுக் காட்டித்தந்த முகம் அது."

அவன் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை என்று நந்தனாவுக்குத் தெரிந்தது. அது அவள் கோபத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

"அப்போ கீசெயினெல்லாம் சும்மா சாக்கு. அந்த அடி இருக்கப்பிடாது. அதுக்குத்தான் இவ்வளவும்."

"ஆமா. அதுக்குத்தான். அப்பவும் வெட்டுனது ரசிகன்தான், இப்பவும் ரசிகன்தான்."

"நானும் ரசிகைதான் அண்ணே. ரெண்டு வருசம் ஞாயிறு, பண்டிகைன்னு பாக்காம அந்த ஆளுக்க முகத்துல உள்ள பூஞ்சணத்தத் தொடச்சிருக்கேன். நீ ஒரு நாளு மாடி ஏறி வந்து பாத்தியா? அவரு அதுல எப்பிடி நடிச்சிருக்காருன்னு உனக்குத் தெரியுமா? அடி வாங்கிட்டு ஒரு நிமிசம் அவ முகத்தையே பாக்காரு. அப்பொறம் தலைய குனியுகாரு. அவருக்க பேரக் காப்பாத்துகேன்னு அவரு நடிச்சதுலயே நல்லதத்தான் நீ வெட்டியிருக்க."

"ஆம்பள பொம்பள கையால அடி வாங்குனா அதுல என்ன நடிப்பு?"

நந்தனாவுக்குள் எதுவோ அறுந்தது. இருபது வருடமாக அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

"தக்கலை பஸ் ஸ்டாண்டுல வச்சு நீ என்னைய அடிச்சது ஓர்மை இருக்கா? எனக்குப் பதினேழு வயசு. கூட்டுக்காரிகளோட சினிமாவுக்குப் போயிட்டு வந்தேன். அம்புட்டுதான். பஸ்ஸுல உள்ளவனெல்லாம் எட்டிப் பாத்தான். அண்ணன் தங்கச்சிய அடிக்கான்னு சொல்லிட்டு அவனவன் சோலியப் பாத்துட்டுப் போனான். அந்த அடியினால உனக்க பேரு கெட்டுதா? ஆராவது வெட்டி எறிஞ்சானா அத?"

சமையல்காரர்கூடக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

அனில்குமார் சட்டைப்பையில் பேட்ஜைச் சரிசெய்தான். "அது வேற" என்றான்.

"ஒண்ணும் வேற இல்ல."

அவள் மேடையில் ஏறி மைக்கை எடுத்தாள். யாரோ இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு, இருக்கிற தொண்டையில் பேசினாள்.

"உங்க கையில உள்ளது ஒரு படத்துக்க கடைசித் துண்டு. வேற எங்கயும் இல்ல. என்னால ஆன மட்டும் ஒட்டிப் பாப்பேன். மனசுள்ளவங்க திருப்பித் தாங்க. தராதவங்க வீட்டுச் சாவியக் கோத்துக்கிடுங்க. சாவிய எடுக்கும்போதெல்லாம் நீங்க என்ன செய்தியன்னு ஓர்மை வரட்டும்."

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். "போடி வீட்டுக்கு" என்று ஒரு குரல் வந்தது.

பிறகு மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். வைகுண்டராஜன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மன்றத்தில் எல்லோரையும்விட மூத்த உறுப்பினர். மெதுவாக நடந்து வந்து தாம்பாளத்தில் தன் கீசெயினைப் போட்டார்.

"அந்தப் படத்துக்குத் திரைய கிழிச்சதுல நானும் உண்டு மோளே" என்றார். "எனக்கு அப்போ பதினெட்டு வயசு. கிழிச்ச வேகத்துல அவ என்ன சொன்னான்னு கேக்காமப் போயிட்டேன்."

அவருக்குப் பின்னால் ஒருவர் வந்தார். பிறகு இரண்டு பெண்கள். சிலர் போட்டார்கள், பலர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார்கள். பாதிகூடத் தேறவில்லை.

நந்தனா எல்லாவற்றையும் துப்பட்டாவில் கொட்டி முடிச்சுப் போட்டாள். இறங்கி வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"மிச்சம் எங்க?"

"கொளுத்தியாச்சு."

"ஆரு கொளுத்துனா?"

"வெட்டுன கடையில சொல்லி, கொளுத்தியாச்சு. போ. உனக்க வீட்டுலயும் எனக்கு இனி வேலையில்ல, எனக்க வீட்டுலயும் உனக்கு வேலையில்ல. அம்மைட்ட நானே சொல்லுகேன்."

"நீ சொல்லண்டாம். நான் சொல்லுகேன். நீ செய்தத நீயே சொன்னா குறைச்சுச் சொல்லுவ."

வெளியே வெயில் கொளுத்தியது. வாழைக்குலை ஏற்றிய லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. கீசெயினின் பின்பக்கம் கடையின் பேரும் நம்பரும் பொடி எழுத்தில் இருந்தன. விசாரித்துக்கொண்டு போனாள். கேரள எல்லைச் செக்போஸ்ட் தாண்டாமல், ஒரு செல்போன் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் இருந்தது அது. மொபைல் கவர், கப், டீஷர்ட் எல்லாவற்றிலும் படம் அச்சடித்துத் தருகிற கடை. கடைக்காரன் ரெனிஷ், முப்பது வயதிருக்கும், ஹீட்டரில் ஒரு கப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

அவள் துப்பட்டாவைக் கண்ணாடி மேசையில் அவிழ்த்தாள்.

"இத வெட்டுனது நீதானா?"

"ஆமா அக்கா. அனில் அண்ணன் ஆர்டர். சூடன் சாரு தனியா உள்ள எடம் மட்டும் பாத்து வெட்டச் சொன்னாரு. கண்ணு போச்சு எனக்கு." அவன் அவள் முகத்தைப் பார்த்துக் குரலைக் குறைத்தான். "ஏன், எதாவது பிரச்சனையா?"

"மிச்சத்த எங்க வச்சு கொளுத்துன?"

"கொளுத்தவா?" ரெனிஷ் விழித்தான். "கொளுத்தத்தான் சொன்னாரு. பிளாஸ்டிக்க இந்தக் கடைத்தெருவுல கொளுத்துனா பக்கத்துக் கடைக்காரன் என்னைய விடுவானா? துண்டு துணுக்கெல்லாம் ஒரு சாக்குல கெட்டிப் பின்னால போட்டிருக்கேன். வேணும்னா எடுத்துக்கோங்க."

நந்தனா இரண்டு கையாலும் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பெண்ணும் அவரும் ஒண்ணா நிக்கிய எடம் இருக்குமே. நீளமா. வெட்டாம. அதுவும் சாக்குலயா?"

"அந்தப் பெரிய சுருளா? அதுல பூரா அந்தம்மாவும் கூட நிக்காங்க, நமக்கு ஆவாதுன்னு நான் தொடவே இல்ல. முழுசா அப்பிடியே இருந்து." அவன் சாதாரணமாகச் சொன்னான். "அதத்தான் செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுக்காரரு வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே."

"ஆரு?"

"வினோஜ் அண்ணன். மஸ்கட்டுல என் அண்ணனுக்க கூட வேல பாத்தவருல்லா, எனக்குத் தெரியாதா? உங்களையும் போட்டோவுல கண்டிருக்கேன். நீங்க அனுப்புனதாச் சொன்னாரு. ஒரு துணிப்பையில சுத்தி, குழந்தைய எடுக்கியது மாதிரி எடுத்துட்டுப் போனாரு."

செவ்வாய்க்கிழமை. இன்றைக்குச் சனி. நாலு நாளாக அந்தச் சுருள் வினோஜிடம் இருக்கிறது. இன்று காலையில் முற்றத்தில் நின்று, அவள் அத்தனை கேள்வி கேட்டபோது, அவன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பற்றி மட்டும் சொன்னான்.

ரெனிஷ் பின்னால் போய்ச் சாக்கைக் கொண்டுவந்து வைத்தான். அவள் அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்று கணவனுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"நந்தனா? கெடச்சுதா? அனில் மச்சான் என்ன சொன்னாரு?"

குரலில் கவலை இருந்தது. உண்மையான கவலைபோலத்தான் இருந்தது.

அவள் ஒரு மூச்சு விட்டாள். "வெட்டி கீசெயின் ஆக்கிட்டான். அந்தக் காட்சிய கொளுத்திட்டானாம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இல்லை, என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தாள். எதிரே ஒரு லாரி பின்வாங்கி, திரும்பி, ரோட்டில் ஏறிப் போகிற வரைக்கும் கொடுத்தாள்.

"சாரமில்ல, விடு" என்றான் வினோஜ். "போனது போச்சு. நீ வீட்டுக்கு வா."

அவள் போனை அணைத்தாள். தக்கலை பஸ் வந்து நின்றது. உள்ளே உட்கார இடமிருந்தது. அவள் உட்காரவில்லை. சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பியை இறுகப் பிடித்து, வழி முழுக்க நின்றுகொண்டே போனாள்.